கிராபிக்ஸ் கார்டு கத்துகிறதா? சத்தத்தை வைத்தே கோளாறைப் பிடிக்கலாம்

காரைக்குடிப் பக்கம் சித்திரை வெயில் ஏறி, பரீட்சை முடிந்து லீவு விட்டதும் எங்கள் சர்வீஸ் கடைக்கு கேமிங் கம்ப்யூட்டர்கள் வரத் தொடங்கும். கொண்டுவரும் தம்பிகள் முடிவோடுதான் வருவார்கள். "அண்ணே, கார்டு ஃபேன் போயிருச்சு. புதுசு போட்டுருங்க." போயிருக்கலாம். ஆனால் பல கார்டுகளில் ஃபேன் நன்றாகத்தான் இருக்கும். தன் வேலையை ஒழுங்காகச் செய்வதால்தான் கத்தும். சில கார்டுகளில் கத்துவது ஃபேனே அல்ல. அதனால் ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன் காதைக் கொடுங்கள். எதை மாற்றினால் சத்தம் மாறுகிறது என்று தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது.

கத்துவது கார்டுதானா?

கேபினட்டுக்குள் ப்ராசஸர் மேல் ஒரு ஃபேன், மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒன்று, முன்னும் பின்னும் கேபினட் ஃபேன்கள், கார்டில் இரண்டோ மூன்றோ இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதுவும் தன் பங்குக்கு முனகும்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். கார்டு வேறு கம்பெனியாக இருந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். கேம் எதுவும் ஓடாதபோது, ஃபேன் வேகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆட்டோவை அணைத்துவிட்டு 40 சதவீதம், 60, 80 என்று கையால் ஏற்றுங்கள். ஒவ்வொரு வேகத்திலும் சில விநாடி நிறுத்திக் கேளுங்கள். வேகத்தோடு சத்தமும் ஏறி இறங்கினால் கார்டின் ஃபேன்தான். வேகம் ஏறியும் அந்தச் சத்தம் அப்படியே இருந்தால் வேறு எங்கோ இருந்து வருகிறது. மூன்றாவதாக ஒன்று உண்டு: சும்மா இருக்கும்போது எந்த வேகத்திலும் தொல்லை இல்லை, கேம் போட்டால் மட்டும் சத்தம். அப்படியென்றால் சூடோ, கார்டில் உள்ள காயிலோ (கம்பிச்சுருளோ) காரணம். இரண்டையும் கீழே பார்ப்போம்.

எந்த ஃபேன் என்று தெரிய, பழைய காலண்டர் தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு ஃபேனின் நடுப்பகுதிக்கு ஒரு விரற்கடை தள்ளியும் வையுங்கள். தாள் இறக்கையில் படக்கூடாது. மூன்று ஃபேன் உள்ள கார்டில் எது கெட்டது என்று இதைவிட எளிதாகக் கண்டுபிடிக்க முடியாது.

"ஹோ" என்று காற்று இரைச்சல்

அதிகம் வரும் புகார் இதுதான். கேம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இரைச்சல் ஏறும், மூடினால் அடங்கும். ஃபேனில் கோளாறு இல்லை. கார்டு சூடாகிறது, ஃபேன் ஓடுகிறது, அவ்வளவுதான். ஏன் இவ்வளவு சூடாகிறது என்பதுதான் கேள்வி.

ஜிபியு-இஸட் அல்லது எச்டபிள்யுஇன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து, கேம் ஓடும்போது கார்டின் வெப்பத்தையும் ஃபேனின் ஆர்பிஎம்மையும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பாருங்கள். 65 முதல் 80 டிகிரி வரை வழக்கமானதுதான். பல என்விடியா கார்டுகள் 83 டிகிரியை எல்லையாக வைத்துக்கொண்டு அதை ஒட்டியே தன் வேலை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதோடு அறையின் வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். ஃபேன் வேகம் மாறாமல் இருந்தால், அறை பத்து டிகிரி ஏறும்போது கார்டும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும். தை மாதத்தில் அமைதியாக இருந்த கார்டு கத்திரி வெயிலில் கத்தினால் அதைக் கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது.

இங்கே வீட்டின் வாகும் சேர்ந்துகொள்ளும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் தடித்த சுவர், உயர்ந்த கூரை, வளவு (நடுமுற்றம்) வழியாகக் காற்று. உள்ளறையில் வைத்த கம்ப்யூட்டர் மே மாதத்திலும் தாக்குப்பிடிக்கும். அதே சிஸ்டத்தைப் புது வீட்டின் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் அறைக்கு மாற்றிப் பாருங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரி பத்து மணிக்கு மேலும் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். தம்பி விளையாட உட்காருவதும் அந்த நேரத்தில்தான். "ராத்திரியில மட்டும் ஹோன்னு இரையுதுப்பா, பகல்ல சும்மா கெடக்கு" என்று ஓர் ஆச்சி சொன்னபோது, கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்பே மாடியறைதான் காரணம் என்று புரிந்துவிட்டது.

அப்புறம் வைத்திருக்கும் இடம். சுவர்ப் பிறைக்குள், மேஜையின் கதவு போட்ட அறைக்குள், சுவரை ஒட்டி வைத்தால் கேபினட் தான் வெளியே விட்ட சூடான காற்றையே திரும்ப இழுக்கும். பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தூசிக்குப் பயந்து மேலே போர்த்திய துண்டை ஓட்டும்போது எடுத்துவிடுங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட் பார்க்க அழகுதான். நம் ஊர் வெயிலுக்கு வலை போட்ட முன்பக்கம்தான் சரி. சந்தேகம் இருந்தால் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவைத்து அதே கேமை ஓட்டுங்கள். வெப்பம் நன்றாக இறங்கினால் குறை கார்டில் இல்லை, கேபினட்டின் காற்றோட்டத்தில்.

இறங்கவில்லை என்றால் தூசியைப் பாருங்கள். ஃபேன் இறக்கையில் தெரியும் தூசி பெரிய விஷயமில்லை. டார்ச் அடித்து, இறக்கைகளின் இடைவெளி வழியாக உள்ளே இருக்கும் அலுமினியத் தகடுகளைப் பாருங்கள். ஃபேனுக்கும் தகடுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். நம் பக்கத்துச் செம்மண் புழுதி அதைப் பழுப்புச் சிவப்பாக்கியிருக்கும். அடுப்படிக்குப் பக்கத்து அறையென்றால் இன்னும் மோசம்: மிளகாய் வறுத்த புகையும் தீபாவளிப் பலகாரம் சுட்ட எண்ணெய் ஆவியும் சேர்ந்து தூசியைப் பிசினாக்கிவிடும், ஊதினால் போகாது. கல்யாணத்துக்கோ பொங்கலுக்கோ வீட்டில் வெள்ளையடிக்கும்போதும் சுவரைச் சுரண்டும்போதும் கம்ப்யூட்டரை அணைத்து, மூடி, முடிந்தால் வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். சுண்ணாம்புத் தூள் உள்ளே போனால் எடுப்பது பெரும்பாடு.

சுத்தம் செய்வது இப்படி: பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். கார்டின் பவர் கேபிளைக் கழற்றி, பின்பக்க ஸ்குரூவை எடுத்து, மதர்போர்டு ஸ்லாட்டின் பூட்டை அழுத்திவிட்டுத்தான் கார்டை இழுக்க வேண்டும். பூட்டை மறந்து இழுத்தால் ஸ்லாட் பெயர்ந்துவிடும். வீட்டுக்கு வெளியே வைத்து ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஒவ்வொரு ஃபேனையும் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் ஃபேன் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் (ஃபேன் தண்டைத் தாங்கும் பகுதி) தேயும், மோட்டார் மின்சாரம் உண்டாக்கிக் கார்டுக்குள்ளேயே அனுப்பவும் செய்யும். பிசின் பிடித்த இறக்கைக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காதுக்குச்சி. அந்த ஆல்கஹால் மொபைல் சர்வீஸ் கடைகளில் கிடைக்கும்.

தூசி இல்லை, காற்றோட்டம் சரி, ஆனாலும் கொதிக்கிறதா? ஹாட்ஸ்பாட் என்று, சிப்பின் மிகச் சூடான இடத்துக்கான எண் ஒன்று அதே மென்பொருளில் காட்டும், அதைப் பாருங்கள். சாதாரண வெப்பத்துக்கும் அதற்கும் 10, 15 டிகிரி வித்தியாசம் இருப்பது இயல்பு. 25, 30 என்று விரிந்துகொண்டே போனால் உள்ளே சிப்பின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது சிப்பை விட்டு நகர்ந்திருக்கலாம். பேஸ்ட் மாற்றுவது கடினமில்லை. கவனிக்க வேண்டியது மெமரி சிப்புகளின் மேல் இருக்கும், சூடு கடத்தும் மெத்தைத் துண்டுகளான தெர்மல் பேடுகளைத்தான். 1 மில்லிமீட்டர் தடிமன் இருந்த இடத்தில் 2 வைத்தால் ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் அந்த அலுமினியத் தகட்டுத் தொகுதி) தூக்கிக்கொண்டு சிப்பில் பதியாது, முன்பைவிடச் சூடாகும். பழைய பேடு கிழியாமல் இருந்தால் அதையே விட்டுவிடுவது மேல். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள், கம்பெனிக்கே அனுப்புங்கள்.

கையில் ஸ்குரூ டிரைவர் எடுக்காமலே இரைச்சலைக் குறைக்கவும் வழி உண்டு. மானிட்டர் 75 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 75 முறை படம் மாற்றும்) என்றால் கேமின் ஃப்ரேம் வரம்பை, அதாவது விநாடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கையை, 75-இல் பூட்டுங்கள். பல கேம்கள் வெறும் மெனு திரையில்கூட நூற்றுக்கணக்கான ஃப்ரேமை வீணாக வரைந்து கார்டைக் காய்ச்சும். ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை, அதாவது கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பை, 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். கேமின் வேகம் அந்த அளவுக்குக் குறையாது, சூடு நன்றாகக் குறையும். ஃபேன் வேகத்தில் 20 சதவீதம் குறைந்தாலே சத்தம் சுமார் 5 டெசிபெல் இறங்கும். காதுக்கு அது பெரிய வித்தியாசம்.

"டக் டக் டக்" என்று எதிலோ தட்டும் சத்தம்

இது பெரும்பாலும் ஒரு நிமிட வேலை. ஏதோ ஒரு வயர் இறக்கையில் உரசுகிறது. கார்டின் பவர் கேபிள், கேபினட் விளக்குகளின் மெல்லிய வயர், முன்பக்க யுஎஸ்பி கேபிள், இந்த மூன்றையும் பாருங்கள். இழுத்து ஒதுக்கி கேபிள் டை போட்டால் முடிந்தது.

வயர் இல்லையென்றால் கார்டின் பிளாஸ்டிக் மூடி. பேருந்திலோ காரிலோ சிஸ்டத்தைக் கொண்டுவந்த பிறகு தொடங்கிய டக்டக் இப்படித்தான் இருக்கும். மூடியின் ஸ்குரூ தளர்ந்திருக்கும், அல்லது பெரிய கார்டு தன் எடையால் முனை தொங்கி, மூடி லேசாக வளைந்து இறக்கையைத் தொடும். ஓடும்போது கார்டின் முனையை விரலால் மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் அடியில் ஒரு தாங்கி வைத்தால் போதும்.

இறக்கை ஒன்று ஒடிந்திருந்தால் தட்டலோடு நடுக்கமும் வரும். ஒட்டுவது வீண், ஃபேனை மாற்றுங்கள்.

பல்லி கேபினட்டுக்குள் குடிவருவது நம் வீடுகளில் அதிசயமில்லை, உள்ளே கதகதப்பு. பின்பக்கம் காலி ஸ்லாட்டுகளின் தகடு இல்லாமல் திறந்து கிடந்தால் மூடிவையுங்கள்.

"கரகர", "கிர்ர்ர்"

இதுதான் உண்மையிலேயே ஃபேன் கெட்ட சத்தம். பேரிங்கில் எண்ணெய் வற்றி, தண்டு தேய்ந்து ஆடுகிறது. ஒரு அடையாளம்: காலையில் முதலில் போட்டதும் கரகரக்கும், சூடானதும் கொஞ்சம் அடங்கும். இன்னொன்று: குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் பெரிதாகக் கேட்கும்.

கரண்டை அணைத்து, கார்டைக் கையில் எடுத்து, ஒவ்வொரு ஃபேனையும் விரலால் சுண்டிவிடுங்கள். நல்ல ஃபேன் சத்தமில்லாமல் சில சுற்றுச் சுற்றி மெல்ல நிற்கும். கெட்டது சட்டென்று நிற்கும், அல்லது விரலுக்குச் சொரசொரப்புத் தெரியும். நடுக்குமிழைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பக்கத்து ஃபேனைவிட அதிகமாக ஆடினால் தேய்மானம் உறுதி.

இப்போது எண்ணெய் விடலாமா, மாற்றலாமா? சாதாரண ஸ்லீவ் பேரிங் என்றால், ஃபேனின் பின்னால் இருக்கும் ஸ்டிக்கரைப் பாதி உரித்து, உள்ளே தெரியும் துளையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடலாம். கையால் சுற்றி, வழிந்ததைத் துடைத்து, ஸ்டிக்கரை ஒட்டிவிடுங்கள். துளையே இல்லாமல் மூடிய பேரிங் என்றால் குடைந்து திறக்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழி விடியலில் பாட்டிலில் உறைவது பேரிங்கிலும் உறையும், நாளடைவில் தூசியோடு சேர்ந்து பசையாகும். டபிள்யுடி-40 ஸ்ப்ரேயும் இதற்கு ஆகாது. அது இருக்கிற எண்ணெயையும் கழுவிக்கொண்டு போகும். சில நாள் அமைதி, அப்புறம் முன்பைவிடப் பெரிய கரகரப்பு. என் கணக்கில் எண்ணெய் என்பது புது ஃபேன் வந்து சேரும்வரை நாளைக் கடத்தும் வழிதான். தேய்ந்த தண்டு எண்ணெயால் வளராது.

செகண்ட்ஹேண்டில் வாங்கிய கார்டு என்றால் இந்தச் சத்தத்தை எதிர்பார்த்தே வாங்குங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையை (கார்டுகளை ஓட்டி நாணயம் சம்பாதிப்பதை) கைவிட்ட பிறகு, இரவுபகலாக ஓடிய கார்டுகள் பழைய சந்தையில் வந்து குவிந்தன. அவற்றில் சிப் நன்றாக இருக்கும், ஃபேன்தான் தேய்ந்திருக்கும். விலை பேசும்போது புது ஃபேனுக்கான காசைக் குறைத்துக் கேட்பதில் தப்பில்லை.

மாற்று ஃபேன் வாங்கக் கார்டின் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் வரும் கார்டிலேயே இரண்டு வகை ஃபேன் இருக்கும். மூடியைக் கழற்றி, ஃபேனின் பின் ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைப் போட்டோ எடுங்கள். பவர் லாஜிக், ஃபர்ஸ்ட்டி, ஏபிஸ்டெக் போன்ற ஃபேன் கம்பெனிப் பெயர்களுக்குக் கீழே அந்த எண் இருக்கும். 12 வோல்ட், எத்தனை ஆம்பியர் என்றும் போட்டிருக்கும். அதோடு இறக்கையின் விட்டம், ஸ்குரூ துளைகளுக்கு இடையே உள்ள தூரம், கனெக்டரில் எத்தனை பின், ஃபேன் சுற்றும் திசை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். திசையை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். சில மூன்று ஃபேன் கார்டுகளில் நடு ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். அங்கே பக்கத்து ஃபேனைப் போட்டால் அதுவும் தகட்டுக்குள்தான் காற்றைத் தள்ளும், ஆனால் மற்ற ஃபேன்களின் திசையிலேயே சுற்றிக் காற்றோட்டத்தைக் கலக்கும். காரைக்குடிக் கடைகளில் இந்த ஃபேன் சரியாக அமைவது அரிது. சென்னை ரிச்சி தெருவில் தெரிந்தவர் இருந்தால் போட்டோவை அனுப்பலாம், இல்லையென்றால் ஆன்லைன். ஒன்று தேய்ந்திருந்தால் மற்றதும் அதே அளவு ஓடியதுதான், செட்டாகவே வாங்கிவிடுங்கள்.

மாற்றும்போது ஹீட்சிங்க்கைச் சிப்பிலிருந்து எடுக்க வேண்டியிருக்காது. பல கார்டுகளில் மூடியை மட்டும் கழற்றினால் போதும். ஃபேனின் கனெக்டரை வயரைப் பிடித்து இழுக்காமல், பிளாஸ்டிக்கை நகத்தாலோ பின்சராலோ இரண்டு பக்கமும் மாறி மாறி நெம்பி எடுங்கள்.

"உய்ய்ங்" என்று மெல்லிய கூவல்

கேம் மெனுவிலோ லோடிங் திரையிலோ கூர்மையாகக் கேட்கும், ஃப்ரேம் குறைந்தால் சுருதி மாறும், ஃபேன் வேகத்தை எப்படி மாற்றினாலும் மாறாது. இது ஃபேன் அல்ல. கார்டில் மின்சாரத்தைச் சீராக்கும் காயில்கள் அதிர்கின்றன. கார்டுக்குக் கெடுதல் இல்லை, காதுக்குத்தான். ஃப்ரேம் வரம்பு போடுவதும் பவர் லிமிட் இறக்குவதும் பெரும்பாலும் குறைக்கும். ஃபேன் மாற்றிப் பயனில்லை. இதைச் சொல்லியும் ஃபேன் மாற்றச் சொல்லிக் காசு கொடுத்தவர்கள் உண்டு.

"விர்ர்" என்று ஓடும், நிற்கும், மறுபடி ஓடும்

இப்போதைய கார்டுகளில் சூடு குறைவாக இருந்தால் ஃபேன் நின்றுவிடும். நிற்கிறதே என்று பயப்பட வேண்டாம். 50, 60 டிகிரியை ஒட்டித் தொடங்கி, இறங்கியதும் நிற்கும். நம் வெயிலில் சும்மா இருக்கும் கார்டே அந்த எல்லையில் ஊசலாடும், அதனால் நிமிடத்துக்கொரு தரம் விர், அமைதி, விர். ஆஃப்டர்பர்னரின் ஃபேன் வளைவில் (எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்று காட்டும் கோட்டில்) குறைந்தபட்சம் 30, 35 சதவீதம் என்று வைத்து, நிற்காமல் மெதுவாக ஓடவிட்டால் காதே கவனிக்காது. இரண்டு மானிட்டர் வேறு வேறு ஹெர்ட்ஸில் ஓடினால் கார்டின் மெமரி ஓய்வெடுக்காமல் சூடாகவே இருக்கும். இரண்டையும் ஒரே ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

கேபினட்டோ மேஜையோ ரீங்கரித்தால்

ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் ரீங்காரம், கேபினட்டில் கை வைத்து அழுத்தினால் நிற்கும் என்றால், தகடு ஃபேனோடு சேர்ந்து அதிர்கிறது. பக்கக் கதவின் ஸ்குரூவை முடுக்குங்கள். அடிக்கால் ரப்பர் விழுந்து, ஆத்தங்குடித் தரைக் கல்லின் மேல் நேராக நிற்கும் கேபினட் நன்றாகவே முழங்கும். பழைய சைக்கிள் ட்யூபை நான்கு துண்டாக வெட்டி மடித்து அடியில் வைத்தால் அடங்கிவிடும். ஆனால் தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் ஏற்றுவதே நல்லது; வீடு கூட்டும்போது எழும் தூசி முதலில் போவது தரையில் நிற்கும் கேபினட்டுக்குள்தான்.

திடீரென்று முழு வேகம், திரை கறுப்பு

கேம் நடுவே திரை அணைந்து, கார்டின் எல்லா ஃபேனும் உச்ச வேகத்தில் அலறினால், ஃபேனை விட்டுவிடுங்கள். கார்டு செயலிழந்து, வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிக்னல் போனதால் ஃபேன் பாதுகாப்புக்காக முழு வேகத்தில் ஓடுகிறது. கார்டின் பவர் கேபிள் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, கனெக்டர் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு எட்டு பின் கேட்கும் கார்டுக்கு ஒரே கேபிளின் இரண்டு தலையைச் செருகாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள் கொடுங்கள். எஸ்எம்பிஎஸ் பழையதா, கார்டின் பசிக்குப் போதாததா என்பதும் கேள்வி. பழைய வீட்டில் எர்த் சரியில்லாமல், கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தால் முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், கார்டு காத்திருக்கும்.

புது ஃபேன் வருவதற்குள் விளையாடியே ஆக வேண்டும் என்றால்

இது கெட்ட ஃபேனுக்கு மட்டும். கார்டின் மூடியையும் ஃபேன்களையும் கழற்றி எடுத்துவிட்டு, ஹீட்சிங்க் தகட்டின் மேல் நேராக இரண்டு 92 அல்லது 120 மில்லிமீட்டர் கேபினட் ஃபேனைக் கேபிள் டையால் கட்டலாம். காற்று தகட்டை நோக்கி வீச வேண்டும். ஃபேன் பக்கச் சட்டத்தில் அம்புக்குறி இருந்தால் அது தகட்டைப் பார்க்கட்டும். வயரை மதர்போர்டின் ஃபேன் பின்னில் செருகுங்கள். மதர்போர்டுக்குக் கார்டின் சூடு தெரியாது. ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளைப் போட்டு அந்த ஃபேன்களைக் கார்டின் வெப்பத்தோடு இணைத்துவிடுங்கள். முதல் அரைமணி நேரம் வெப்பத்தைத் திரையின் ஓரத்தில் காட்டவிட்டு விளையாடுங்கள். 85-ஐத் தாண்டினால் பவர் லிமிட்டை இன்னும் இறக்குங்கள். டையின் நீண்ட வாலை ஒட்ட வெட்ட மறக்காதீர்கள், இல்லையென்றால் மறுபடியும் டக் டக் டக்.